நாலு விரல் பட்டை

வீடு வாங்கிய பத்திரத்தில் அது இல்லை.
தண்டவாள வேலிக்கு இப்பால்,
கழிவுநீர்க் குழாயின் தலைக்கு நேரே
ஒரே அடியில் இரண்டு கவர், இரண்டு மாடி உயரம்.
ஓல்டனில் நின்று போகிற ரயில்கள் எல்லாம்
அதன் விதையில் கொஞ்சத்தை
எங்கோ கொண்டுபோய்ச் சேர்த்தன.

இவர்கள் மொழியில் அது கடவுளர் மரம்.
அதன் ஒன்றுவிட்ட தம்பி நம் பக்கத்தில் நிற்கிறான்,
அவனைப் பீநாறி என்கிறோம்.
ஆனியில் அது பூத்த கிழமை
எந்த மொழி சரியென்று
குசினி யன்னலை அடித்துச் சாத்தித்
தீர்ப்புச் சொன்னாள் சிவநந்தினி.

மச்சான் தயாபரன் மின்வாளோடு வந்தான்.
ஒரு கவரை விழுத்திவிட்டுப் பியர் உடைத்தோம்.
மற்றது அடுத்த சனிக்கு என்றிருந்தோம்.
மூன்று கிழமையில் புல்லுக்குள் முப்பத்தேழு தலைகள்.
கதிரைக்கு அடியில் ஒன்று,
நிலவறைப் படியின் வெடிப்பில் ஒன்று,
வேலி தாண்டி
ஃப்ரௌ நூன்லிஸ்டின் ரோஜாப் பாத்தியில் ஒன்று,
ஒன்றுமே நடக்காத முகத்தோடு.

உப்புப் போடு என்றார்கள். கொதிநீர் ஊற்று என்றார்கள்.
செம்பு ஆணி அறையச் சொன்னான்
வேலைத்தலத்துப் போர்த்துக்கீசன்.
அறைந்தேன்.
ஆணி பச்சையானது. மரமும்.

நகரசபையிலிருந்து கொரின் என்றொரு பெண்
படிவமும் பட்டியலும் கொண்டுவந்தாள்.
பட்டியலின் தலைப்பில் முதற்சொல்: வேற்றுநாட்டு.
அதை மட்டும் குரல் தாழ்த்தி வாசித்தாள்.
நான் தேத்தண்ணீர் ஊற்றினேன்.

வெட்டினால் வேருக்குக் கோபம் வரும், என்றாள்.
பட்டையை வளையமாக உரியுங்கள்.
முழுதாக வேண்டாம், நாலு விரல் விட்டுவையுங்கள்.
இலைக்கு நீர் ஏறட்டும்,
வேருக்குச் சோறு இறங்கக் கூடாது.
தான் சாவது அதற்குத் தெரியவும் கூடாது.

நிரந்தரமாகப் போய்விடுமா, என்றேன்.
எங்கள் வீட்டில் அந்தச் சொல் ஓர் அட்டை,
ஐந்து வருஷத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்க வேண்டும்.
கொரின் விரலால் கணக்குப் போட்டாள்:
மூன்று வருஷம். நீங்கள் பொறுத்தால்.

மாசிக் குளிரில் உரித்தேன்.
உள்ளே பனங்கிழங்கின் நிறம், ஈரம்.
வளையத்தின்மேல் சாக்கைச் சுற்றிக் கட்டினேன்,
பனிக்கு என்று சொல்லிக்கொண்டு.

அந்தக் கோடை
எப்போதையும்விட நன்றாகத் தழைத்தது.
ஃப்ரௌ நூன்லிஸ்ட் தன் பக்கத்து நிழலில்
கதிரை போட்டுக் குறுக்கெழுத்து நிரப்பினார்.
நல்ல மரம், ஏன் சாக்கு, என்று கேட்டார்.
பூச்சி, என்றேன்.

ரயில்பெட்டி கழுவிய கையோடு
விடியப்புறம் திரும்பும்போது
சாக்கை விலக்கி அந்த நாலு விரலைத் தொடுவேன்.
அந்த வழியால் ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது,
ஊருக்கு மாதாமாதம் அனுப்புகிற காசு மாதிரி,
போதாமல்,
நிறுத்தவும் முடியாமல்.

அடுத்த மாசியில் அதையும் வெட்டினேன்.
பத்து நிமிடம் பிடிக்கவில்லை.

மூன்றாம் வசந்தம் ஒரே ஒரு கிளை இலைவிட்டு
ஒரு கிழமையில் கைவிட்டது.
தயாபரன் வந்தான். பியர் கொண்டுவரவில்லை.
அறுத்து அடுக்கிவிட்டு
அடியில் குந்தி வளையங்களை எண்ணினான்,
பாதியில் விட்டான்.

குசினிக்குள் முதன்முறை வெயில் விழுந்தது.
அடுப்புக்குப் பின்னால் ஆறு வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு.
இருந்திருக்கலாம் மரம், என்றாள் சிவநந்தினி.
அடுத்த வீட்டில் ஒரு கதிரை
மடங்குகிற சத்தம் கேட்டது.

புல்லில் ஒரு தலையும் இல்லை.
டார்ச் அடித்துப் பார்க்கிற பழக்கம் மட்டும் இருக்கிறது.

நேற்று வேலைக்குப் போகும்போது
மேடையின் கடைசி முனையில்,
சரளைக்குள், ஒரு விரல் உயரம்.
ஓர் இலையை நசுக்கி மணந்தேன்:
கெட்டுப்போன கச்சான்.
அதே தான்.

என்னுடைய காணி இல்லை.
பேசல் ரயில் வந்தது.
கையை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு
ஏறினேன்.