தொப்பிக்காரர்கள்

பார்வை மங்கிய மூன்றாம் மாதம்
ஹால்டோராவின் அடுக்களைக்குள்
தொப்பிக்காரர்கள் வரத் தொடங்கினார்கள்.
ஆறு பேர்.
சில நாள் ஒரு குதிரையும்.

கண் அனுப்பாததை
மூளையே வரைந்துகொள்கிறது,
பயப்படாதீர்கள் என்றார் டாக்டர்.

பயமென்ன,
சத்தம் போடாததெல்லாம் பொய்
என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள்.
குதிரைக்குள் கைவிட்டு
உப்பு எடுப்பாள்.

பனி கொட்டிய மாலை ஏழாவதாக ஒருவன்.
பதினோரு வருடம் பேசாத தம்பி ஸ்டைனார்.
ஈசாஃபியோர்தூர் படகுத்துறையிலிருந்து
ஒத்திகை பார்த்தபடி வந்த முதல் சொல்
தொண்டையில் மாட்டிக்கொள்ள,
வெறுமனே
நாற்காலியில் உட்கார்ந்தான்.

அவள் மீன்சட்டியைத் தூக்கி
அந்த நாற்காலிமேல் வைத்தாள்.

சட்டி பலகையைத் தொடவில்லை.
நடுவில், வெதுவெதுப்பாய்
எதன்மேலோ நின்றது.

கையை எடுக்காமல்
"குதிரையா?" என்றாள்.

"இல்லை."

இந்தச் சொல்லை
அவன் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.