முப்பத்தேழாவது உருப்படி

மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி,
எதிர் லாட்ஜின் போர்டு வெளிச்சம்
விட்டுவிட்டுச் சிவக்கிற மாடியறை.
தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னர்
நாள்வாடகையைத் தின்றுகொண்டு நிற்கிறது.
இங்கே, உப்புக்காற்று படாத மேசையில்,
நான் மரத்துக்கு எண் போடுகிறேன்.

அகப்பை, தட்டு, காய் நறுக்கும் பலகை:
நாற்பத்து நான்கு பத்தொன்பது.
போட்டோச் சட்டம் பதினான்கு.
உட்காரலாம் என்றால் அத்தியாயமே வேறு.
சட்டை மாட்டும் ஹேங்கரும்
சவப்பெட்டியும்
இருபத்தொன்றில் அடுத்தடுத்த வரி.
சேர்ந்த புதிதில் இதற்குச் சிரித்திருக்கிறேன்.
கழற்றிப் போட்டதை வைக்கத்தானே இரண்டும்
என்று இப்போது விரல் தானாக நகர்கிறது.

முப்பத்தேழில் நின்றது.
மூடியுள்ள மரப்பெட்டி, ஐந்து அறை,
வியட்நாம், இருநூற்று நாற்பது எண்ணம்.
செய்தவன் எழுதியது அவ்வளவுதான்.

அதிகாரி பொன்னுரங்கம் கேட்டிருந்தார்:
நகைப்பெட்டிபோல் தெரிகிறதே,
அலங்காரச் சாமான், நாற்பத்து நான்கு இருபது,
ஏன் கூடாது?

பைபாஸ் ரோட்டுக் கடையிலிருந்து
சிக்கந்தர் பாய் போனில் கொதித்தார்.
"யம்மா செண்பகம், அஞ்சறைப்பெட்டிம்மா அது!
நான்தான் போட்டோ அனுப்பிச் செய்யச் சொன்னேன்.
கடுகு போடுற பெட்டியப் போயி
நகைப்பெட்டிங்கிறாய்ங்க!"

விளக்கக் கடிதம் எழுதினேன்.
வெல்வெட் இல்லை. பூட்டு இல்லை.
கண்ணாடி இல்லை மூடிக்குள்.
நடுவே சின்னக் கரண்டி படுக்க ஒரு பள்ளம்:
தோடு எடுக்க யாருக்கு ஐயா கரண்டி?
(இந்த வரியை நானே இரண்டுமுறை படித்துக்கொண்டேன்.)
மூன்றாம் பத்தியில் கொஞ்சம் அடித்துவிட்டேன்:
இல்லத்தரசிகள் இதில்
மசாலாப் பொருள் தவிர
வேறெதுவும் வைப்பதில்லை.

அனுப்புமுன் போனில் சொல்லிப் பார்த்தேன்.
"கரண்டி இருக்கட்டும்மா," என்றார் அவர்,
கோபமில்லாமல், எதையோ மென்றபடி.
"தோடு போட்டா
வேணாம்னா சொல்லப் போகுது பெட்டி?"

வில்லாபுரத்துக்கு ஒன்பதரை பஸ்.
ரவா இருந்தது, வெங்காயம் இருந்தது.
எண்ணெய் காய, என் பெட்டியைத் திறந்தேன்.
எவர்சில்வர். அத்தியாயம் எழுபத்து மூன்று.
கடுகு. உளுந்து. சீரகம். மிளகு.
வெந்தயத்துக்கு அடியில்
பால் கவரில் மடித்து வைத்த
தெற்கு ஆவணி மூல வீதிச் சீட்டு:
வளையல் இரண்டு, பதினான்கு கிராம்,
கைநாட்டில்லை, கையெழுத்து, என்னுடையது.
பிரபாகரன் வெந்தயத்தைத் தொடமாட்டான்.
வாசம் பிடிக்காது.
வளையல் எங்கே என்று கேட்டதும் இல்லை,
அதையும் சொல்ல வேண்டும்.

கடுகு வெடித்து முடியும்வரை
கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
சட்டம் தெளிவாக இருக்கிறது:
வந்திறங்கும் நிலையில்
பொருள் எதுவோ, எண் அதற்கு.
வந்திறங்கும்போது எல்லாப் பெட்டியும் காலி.
பிறகு வீட்டுக்குள் அது என்ன ஆகிறதென்று
எந்த அட்டவணையும் எட்டிப் பார்ப்பதில்லை.

காலையில் மூன்றாம் பத்தியை அழித்தேன்.
முதலாளி கேட்டார், நல்லாத்தானே இருந்துச்சு?
நீளமா இருக்கு சார், என்றேன்.
கரண்டியை விட்டுவைத்தேன்.
பத்தொன்பது என்றே போட்டு அனுப்பினேன்,
மாதிரிக்கு ஒரு பெட்டியைத்
திறந்தே வைத்துக் காட்டும்படி
துறைமுகத்துப் பையனுக்குச் சொல்லிவிட்டு.

இன்னும் பதில் இல்லை.
கன்டெய்னருக்கு இன்றோடு ஆறாவது நாள்.
சீட்டுக்குப்
பதினோராம் மாதம்.