என் தவறு இல்லை

எண்ணூறு ரூபாய் கொடுத்தேன்.
அயனாவரத்தில் மூன்றாம் மாடி.
ஸ்டெல்லா அம்மாள் பரணிலிருந்து அதை இறக்கிக்கொண்டே சொன்னார்:
"ஞாயித்துக்கிழமை பூசைக்கு வராம
இதைத் தூக்கிட்டுத்தான் ஓடுவாரு.
பறந்தா ஒரு போட்டோ அனுப்பு.
பறக்கலைன்னாலும் அனுப்பு."

ஒன்றரை மீட்டர் இறக்கையை
பேருந்தில் ஏற்ற மாட்டேன் என்றார் நடத்துநர்.
ஆட்டோக்காரர் அதற்கும் ஓர் ஆள் கணக்குப் போட்டார்.

எஞ்சினுக்குள் விளக்கெண்ணெய்
முப்பது வருடம் இறுகி அரக்காகியிருந்தது.
பழைய குக்கரில் கூலண்ட் ஊற்றி
கொதிக்கவிடாமல் அரை நாள் சுட வைத்தேன்.
இனி அந்தக் குக்கரில் சோறில்லை.
சாயங்காலம், கொட்டாவி விடுவதைப் போல,
விரலுக்குத் திரும்பியது தண்டு.

ரிச்சி தெருவில் ஜாகிர்
ரிசீவரை முகர்ந்து பார்த்துவிட்டு
குப்பைக் கூடையைக் காட்டினார்.
புதிது ஒன்று, சர்வோ நான்கு,
பேரம் பேசியதில் ஒரு டீ.

பிறகு இறக்கையின் மேலுறையை உரித்தேன்.
அவித்த உருளைக்கிழங்குத் தோல்போல வந்தது.
உள்ளே பால்சா விலா எலும்புகள்.
அவற்றில் பென்சில் எழுத்து:

12.3.89 விழுந்தது. காற்று.
4.2.90 விழுந்தது. மின்கம்பி.
9.6.91 விழுந்தது. எரிபொருள் தீர்ந்தது.
17.10.93 விழுந்தது. என் தவறு இல்லை.
7.5.95 விழுந்தது.

காலண்டரில் தேடினேன். அத்தனையும் ஞாயிறு.
வாரத்தில் ஆறு நாள்
பெரம்பூரில் ரயில் பெட்டி பற்றவைத்தவர்,
தரையை விட்டு எழும்பவே கூடாதவற்றைச் செய்தவர்.

நானும் தரைக்காரிதான்.
மெட்ரோ ரயில் ஓட்டுகிறேன்.
இடம், வலம் எல்லாம் தண்டவாளத்தின் பொறுப்பு.
எனக்கு வேகமும் நிற்பதும் மட்டும்.

மஞ்சள் உறையை இஸ்திரிப் பெட்டியால் இழுத்து ஒட்டினேன்,
அவர் எழுத்தின்மேல் சூடு படாமல்.
இரண்டு விரல் நுனியில் நிறுத்திப் பார்த்தால்
வால் தாழ்கிறது.
காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு வாங்கினேன்.
மூழ்குவதற்கென்றே வார்த்த ஆறு குண்டுகள்
மூக்குக்குள்.

செங்குன்றம் தாண்டி விற்காத மனைகள்.
'விமான நிலையம் முப்பதே நிமிடம்' என்கிறது பலகை.
எங்களுக்கு முப்பது அடி.
நாற்பதடிச் சாலையில் முள் பொறுக்கிவிட்டு
"வாலைப் பிடி" என்றேன் ஃபரீதாவிடம்.
எஞ்சின் இருமியது, துப்பியது,
அவள் வெள்ளைச் சுடிதாரில் எண்ணெய்ப் பொட்டு வைத்தது,
கத்தியது.
"விடு."

எழுந்தது.
சொன்னால் நம்பமாட்டீர்கள்,
நான் தயாராகும் முன்பே எழுந்தது.

போகும்போது சொன்னபடி கேட்டது.
திரும்பி என்னை நோக்கி வந்தபோதுதான்
என் இடம் அதன் வலமாயிற்று.
இடப்பக்கம் குச்சியை அழுத்துகிறேன்,
என் கண்ணுக்கு வலப்பக்கம் சாய்கிறது.
பதறி இன்னும் அழுத்துகிறேன்,
இன்னும் சாய்கிறது.
எதிரே வருவதை
அதற்குள் உட்கார்ந்துதான் ஓட்ட வேண்டுமாம்.
அதற்கு எனக்கு நேரமில்லை.

வேலிக்காத்தான் முள்ளில் கிடந்தது.
எஞ்சின் சூடு ஆறும் சத்தம், டிக் டிக்.
இறக்கையில் ஒரே ஒரு கிழிசல்.
சரியாக அந்த விலாவில்,
95-க்குக் கீழே,
ஒரு வரிக்கு இடம்.

ஃபரீதாவின் கண்மை பென்சிலை வாங்கி எழுதினேன்:
விழுந்தது. பருந்து.

"பருந்து எங்கடி வந்துச்சு?
அது பாட்டுக்கு மேல சுத்திட்டிருந்துச்சு" என்றாள்.
எச்சில் தொட்டு அழித்தேன்.
கண்மை அழியாது, பரவும்.

அவள் எடுத்த படத்தில்
வெயிலுக்கு நேரே இரண்டு கறுப்புப் புள்ளிகள்.
அனுப்பினேன்.
உடனே பதில், ஸ்டெல்லா அம்மாளிடமிருந்து:
"இதுல எது?"

இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்க்கிறேன்.
இரண்டுமே
இறக்கை அசைக்காமல்.