மே மாதத்து மழை

கூரையை அறுத்தது நானில்லை.
எழுபத்தைந்து வாக்கில் யாரோ ஒரு மகராசன்
ஹெரால்டின் தலையைக் கழற்றிவிட்டுத்
துணி மாட்டியிருக்கிறான்.
அமலோற்பவம் சிஸ்டர் அதை அரியர் பணத்தில் வாங்கிப்
புதுப்பேட்டைக்கு ஓட்டிவந்தபோது
கால்மிதியில் ஒரு தவளை இருந்தது.

"கவுஸ் பாய், சிரிக்காதீங்க."
டில்லிபாபு சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை என்றுதான் நினைவு.

பழைய துணியை உரித்தோம்.
பசை கருப்பட்டிப் பாகாய் இறுகிக் கிடந்தது.
மடிப்புகளுக்குள் கொன்றைச் சருகு,
ஒரு பல்லவன் டிக்கெட்,
யாருடையதோ ஹேர்பின்.
புதுத் துணியை மொட்டைமாடியில் விரித்து
ஒரு பகல் முழுக்க வெயில் குடிக்கவிட்டேன்.
சூட்டோடு இழுத்துக் கட்டினால்
ராத்திரிக்குள் மத்தளமாய் விறைக்கும்.
தட்டிப் பார்த்தேன்.
தொம்.
கூலியை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்
என்று தோன்றவைக்கிற சத்தம்.

பிறகு தண்ணீர்.
எங்கள் தெருவுக்கு லாரி
மூன்று நாளைக்கு ஒருமுறை.
பன்னிரண்டு குடம் காசுக்கு வாங்கி
வண்டியின் தலையில் ஊற்றினால்
எதிர்வீட்டுக் கன்னியம்மா சும்மா இருப்பாரா?
"குடிக்கத் தண்ணியில்ல, காருக்குக் குளியலா?"
அவர் சொன்னதில் எழுத்தில் ஏறுவது இவ்வளவுதான்.

டார்ச்சோடு உள்ளே நான்தான் உட்காருவேன்
என்றார் சிஸ்டர்.
கண்ணாடி ஏற்றிய பெட்டிக்குள், அந்த வெயிலில்.

"வருது."
"எங்கேர்ந்து?"
"தெரியல. வந்துடுச்சு, அவ்வளவுதான்."

வந்த வழி சொல்லும் பழக்கம் தண்ணீருக்கு இல்லை.
மேலே எங்கோ நுழைந்து
தகரத்தின் முதுகில் நடந்து
கம்பளத்தடியில் படுத்துக்கிடந்து
சம்பந்தமில்லாத இடத்தில் செருப்பை நனைக்கும்.
நான் முன்கண்ணாடி ரப்பரைக் குற்றம் சொன்னேன்.
பழசு. எதிர்த்துப் பேசாது.

"நிறம் கலந்து பார்க்கலாமே" என்றார் சிஸ்டர்,
வார்டில் பேசுகிற குரலில்.
முன்பக்கக் குடத்தில் மஞ்சள்தூள்.
பின்தையலுக்குச் சொட்டு நீலம்.
டில்லி முன்னே, நான் பின்னே.
திட்டுவதை நிறுத்திக் கன்னியம்மாவே
இறங்கி வந்துவிட்டார்:
"எது ஜெயிச்சுது?"

கதவு திறந்தது.
நெற்றி வியர்வை மூக்கில் சொட்ட
சிஸ்டர் உள்ளங்கையை நீட்டினார்.

பச்சை.

ரப்பர் பாதி. மீதி என் தையல்.
பருத்தி நூல் ஈரம்பட்டால் ஊதி
ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும்.
நைலான் ஊதாது.
முப்பது வருஷமாகத் தெரியும் எனக்கு.
கையில் இருந்தது நைலான் ரீல்,
மணி மூன்று, பசி,
தைத்துவிட்டேன்.
மெழுகைத் தேய்த்துச் சொல்லாமல் அனுப்பியிருக்கலாம்.
அவர் அந்தக் கையை
இன்னும் மடக்கவில்லை.

முழுத் தையலையும் பிரித்தேன்.
அதே துளைகளில், ஒவ்வொன்றாய், கையாலேயே,
பருத்தி நூல்.
இரண்டு நாள்.
கூலி கேட்கவில்லை. கொடுத்தார்.
பாதி வாங்கினேன்.

இந்த ஊரில் கூரையைத் திறந்து யார் ஓட்டுவார்கள்,
மண்டை பிளக்கிற வெயிலில்?
கேட்டேவிட்டேன்.
நைட் ட்யூட்டி முடிஞ்சு
நாலு மணிக்கு லைட்ஹவுஸ் வரைக்கும், என்றார்.
வேற நேரமெல்லாம்
கூரைக்குக் கீழதானே பாய்.

அக்டோபர் கடைசியில் அடித்தது.
கூவம் கறுப்பாய்ப் பொங்கியது.
கடைக்குள் முழங்கால் தண்ணீர்;
தையல் மிஷினை மேஜைமேல் ஏற்றிவிட்டு
நானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.
முதல் நாள் போன் இல்லை.
இரண்டாம் நாளும் இல்லை.
வேலை சரியாக இருந்தால் யாரும் கூப்பிடமாட்டார்கள்.
தெரிந்தும்
மூன்றாம் நாள் நானே கூப்பிட்டேன்.

"சிஸ்டர், மழை..."

"வெளியே பெய்யுது" என்றார்.