ஒரு வரி என்பது

ஆடி மாதம், சிம்மக்கல்லில் ஒரு மாடியறை.
ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றி
அஃப்ரின் கேட்ட முதல் கேள்வி:
"உங்க அட்டவணையில ஒரு வரின்னா என்ன?"
பன்னிரண்டு சதவீதம் என்றேன்.
சிரித்தார்கள்.
இருபத்திரண்டு வருடம் ரிட்டர்ன் போட்டே தேய்ந்த கைக்கு
வேறென்ன தோன்றும்.

மருந்து மொத்த வியாபாரம், மூன்று கிளை.
முதலாளி எங்கள் இருவரை அனுப்பியிருந்தார்.
'தரவுக் கிடங்கு' என்று பலகையில் எழுதியதும்
தெய்வேந்திரன் இடுப்புச் சாவிக்கொத்தைத்
தொட்டுப் பார்த்துக்கொண்டார்.
இதற்குப் பூட்டு கிடையாது, எலி கிடையாது.
"காலாவதி உண்டா?" என்றார்.
அஃப்ரின் மார்க்கரை மூடிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

அடுத்த வாரம் அழுக்கெடுப்பு.
விளக்குத்தூண் கிளையில் அது குமுதவல்லி மெடிக்கல்ஸ்,
ஒத்தக்கடையில் கே.வி. மெடிக்கல்,
திருமங்கலத்து ஏட்டில் வெறும் 'தத்தனேரி அண்ணாச்சி'.
மூன்று பேரும் ஒரே ஆள் என்று தெரிந்த நிமிடம்
சின்னச் சின்னதாய் இருந்த பாக்கி
எழுந்து நின்றது.

அந்த அண்ணாச்சி மாசியிலேயே தவறிவிட்டார்.
லைசென்ஸ் இப்போது மகள் சண்முகக்கனி பெயரில்.
பழைய வரியின் மேல் புதுப் பெயரை அடிக்கப் போனேன்.
"அழிக்காதீங்க.
முடிவுத் தேதி போட்டு மூடுங்க,
கீழே புதுசா ஒண்ணு தொடங்குங்க.
மாசிக்கு முன்னாடி வாங்கினது
அவர் வாங்கினதுதானே?"

அன்று பஸ் ஏறாமல் செல்லூர் வரை நடந்தேன்.
என் பாஸ்புக்கில் ஒரு பெயர் மேல்
வெள்ளை மை தடவி வைத்திருக்கிறேன், ஒன்பது வருடமாய்.
தேதி போட்டிருக்கலாம்.

முதலாளிக்கு மாதக் கூட்டல் போதும்.
ஒரு வட்டம், உள்ளே நாலு நிறம்,
பார்த்தவுடன் புரிய வேண்டும்.
நான் கேட்டதோ
ஒரு பில், ஒரு மருந்து, ஒரு பேட்ச், ஒரு கடை:
இதுதான் ஒரு வரி.
"இவ்வளவு பொடிசா எதுக்கும்மா? இடத்துக்குக் காசு யார் குடுக்கறது?"
அரைத்த மாவு அரிசியாகாது சார் என்று
ஏதோ சொல்லி வைத்தேன்.
எதற்கென்று எனக்கும் தெரியாது.

ஐப்பசி, வியாழக்கிழமை, விடாத மழை.
கம்பெனியிலிருந்து மெயில்:
குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப்,
ஒரே ஒரு பேட்ச், திரும்பப் பெறவும், உடனே.

எண்ணைத் தட்டினேன்.
நாற்பத்து மூன்று கடை,
இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டில்.
மாதக் கூட்டலில் அது
'சிரப் வகை, நல்ல விற்பனை' என்று
பச்சையாய்ச் சிரித்திருக்கும்.
முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்,
ஒன்றும் பேசாமல்,
அடுத்த போனை அவரே எடுத்தார்.

தெய்வேந்திரன் பெட்டி பெட்டியாய் நனைந்து வந்தார்.
அவனியாபுரம் வந்தது, ஆரப்பாளையம் வந்தது.
பல சரக்கு கடை ஷெல்பை விட்டே இறங்கவில்லை.
ராத்திரி ஒன்பதரைக்கு எண்ணினோம்,
பிறகு மறுபடியும் எண்ணினோம்.
இருநூற்றுப் பதினொன்று.

குறைகிற ஒன்று தத்தனேரியில்,
புதிதாய்த் தொடங்கிய அந்த வரியில்.
சண்முகக்கனி போனில் மூச்சு வாங்கினாள்:
"சாயங்காலம்தான்க்கா குடுத்தேன்.
பில்லு வேணாம்னுட்டாங்க.
மஞ்சச் சேலை, இடுப்புல பையன்.
பாலத்துப் பக்கமாப் போனாங்க."

எங்கள் கிடங்கு அந்தக் கவுன்டரோடு முடிகிறது.
மஞ்சள் சேலைக்கு என்னிடம் கட்டம் இல்லை,
இடுப்புப் பிள்ளைக்குக் குறியீடு இல்லை,
பாலத்துப் பக்கம் என்பது
எந்தக் கிளையின் ஏட்டிலும் இல்லாத ஊர்.

திரையை அணைக்கவில்லை.
குடை ஒன்றுதான் இருந்தது.
தெய்வேந்திரன் வண்டியை உதைத்துக் கிளப்பினார்,
பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.
முதல் தெருவில் எத்தனை கதவு என்று
எண்ணத் தொடங்கியிருந்தேன்.