கமிஷனர் அறிக்கையில் சேர்க்காதவை

அசல் வழக்கு எண் போட்டுத் தொடங்க வேண்டும்.
இது அறிக்கை இல்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

மேலவெளி வீதியில் ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டி
ஒரு லாட்ஜுக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே சந்து.
சந்துக்குள் இரண்டு போர்டு.
இடப்பக்கம்: யோ. தைரியநாதன் அண்ட் சன்ஸ்,
பியானோ, ஆர்மோனியம் தயாரிப்பாளர்கள், ஸ்தாபிதம் 1934.
வலப்பக்கமும் அதே பெயர், அதே வருஷம்,
அடியில் சிவப்பு எழுத்தில்
எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது.
மதுரைக்காரனுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றுமில்லை.
அல்வாவில் பார்த்திருக்கிறேன், ஜிகர்தண்டாவில் பார்த்திருக்கிறேன்.
பியானோவில் அன்றுதான் பார்த்தேன்.

வாதி தேவவரம், மூத்தவர்.
முதல் பிரதிவாதி ஜீவரத்தினம்.
தனித்தனியாக எனக்கு டீ சொல்லியிருந்தார்கள்.
கோர்ட் கமிஷனர் பாரபட்சம் காட்டக் கூடாது.
இரண்டையும் குடித்தேன்.

பசுமலையில் யாரோ ஒரு துரைசானியின் பியானோ
கத்திரி வெயிலில் பலகை வெடித்துக் கிடந்ததாம்.
தச்சு வேலைக்குப் போன அப்பா அதைத் திறந்தாராம்.
திரும்ப மூடத் தெரியவில்லை என்றார் மூத்தவர்.
மூட மனசு வரவில்லை என்றார் இளையவர்.
கம்பெனி வரலாறு என்ற தலைப்பின் கீழ்
இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

குளிர் தேசத்து மரம் வைகைக் காற்றில் விரிசல் விடும் என்று
தேக்குக்கு மாறியிருக்கிறார்.
உலக யுத்தத்தில் கம்பி வரத்து நின்றுபோக
வெறும் பெட்டிகளாகச் செய்து கூரைவரை அடுக்கிவிட்டு
நாடகக் கம்பெனிகளுக்கு ஆர்மோனியம் விற்று அரிசி வாங்கியிருக்கிறார்.
கொடைக்கானல் பள்ளிக்கூடங்களுக்கு எட்டு,
ஒரு படக் கம்பெனி எடுத்துப்போய்ப் பணம் தராதது ஒன்று,
கணக்குப் புத்தகப்படி ஆக மொத்தம் முப்பத்தொன்பது.

நாற்பதாவதுதான் வழக்கு.

விற்காமல் நிற்கிறது. செய்தவன் நான் என்கிறார்கள் இருவரும்.
கட்டைகளைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன்.
முதல் கட்டையின் அடியில் பென்சிலில் 'தே'.
நாற்பத்து நாலாவதில் 'ஜீ'.
எண்பத்தெட்டாவதில், தேதியோடு, 'ச'.

யார் இது?

தங்கச்சி, சலோமி. சுருதி சேர்க்கிறது மட்டும் அது.
எத்தனைக்கு?
எல்லாத்துக்கும்.
இப்போது எங்கே?
வாடிப்பட்டியில கட்டிக் குடுத்தாச்சு.

கட்டைப் புரட்டினேன்: மூன்றாம் பிரதிவாதி சலோமி.
நோட்டீஸ் பெற்றும் ஆஜராகவில்லை. எக்ஸ்பார்ட்டே.

அது என் வேலை இல்லை. இருந்தும்
முனையில் இருந்த எஸ்.டி.டி. பூத்தில் போய்ச் சுழற்றினேன்.
குக்கர் விசில் கேட்டது, அப்புறம் அந்தக் குரல்:
'வலது கடைசியிலேருந்து பதினோராவது கம்பி
நிக்கவே நிக்காது சார். பின்னு லூஸு.
ரயில் வர்றப்ப கேளுங்க.'
பங்கு வேணுமா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

பூச்சி அரித்த கம்பளி, நாலு கஜம்.
கறுப்புக் கட்டைகள், ஒரு கோணி, அடுப்புக்கரி மாதிரி.
எழுதிக்கொண்டிருக்கும்போது
செங்கோட்டை வண்டி பிளாட்பாரத்துக்குள் வந்தது.
தரை நடுங்கியது, டீ கிளாஸ் நகர்ந்தது,
யாரும் தொடாத பியானோ மெல்ல முனகியது.
அதில் ஒரு கம்பி மட்டும் கொஞ்சம் தப்பாக.

எனக்குச் சங்கீதம் தெரியாது.
ஆனால் மூணு வருஷமாக முகம் பார்க்காத இருவரும்
ஒரே நொடியில் தலையைத் திருப்பினார்கள்,
ஒரே இடத்துக்கு.
ஜீவரத்தினத்தின் கை பாக்கெட்டில் சாவியைத் தேடியது.
'தொடாதே, கேஸ் நடக்குது' என்றார் மூத்தவர்.
அவ்வளவுதான் பேச்சு.

இதை எந்தப் பத்தியில் சேர்ப்பது?

கமிஷனர் கட்டணம் அறுநூறு ரூபாய், ஆளுக்குப் பாதி.
ரசீது யார் பெயருக்கு என்றேன்.
இரண்டு பேரும் சொன்னார்கள்.
கார்பன் தாள் வைத்து
ஒரு தடவைதான் எழுதினேன்.