இருபது மில்லிமீட்டர் சல்லடையில் நின்றது

ஐந்து கிலோ. அடுப்பில் காய்ந்து ஆறியது.
சீட்டில் எழுதியிருக்கிறது:
மணிமுத்தாற்றுச் சரளை,
பள்ளத்தூர் கல்யாண மண்டபம், மூன்றாம் நடை.

சல்லடைகளை அடுக்கி
எந்திரத்தின் தலையைத் திருகினேன்.
பத்து நிமிடத்துக்குச் செக்காலை ரோட்டுச் சத்தமெல்லாம்
அதற்குள் போய்விடும்.
நாற்பதில் ஒன்றும் நிற்கவில்லை.
இருபதில் நின்ற கற்களுக்கு நடுவே
ஒன்று மட்டும்
பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது.

முதலில் நம்பவில்லை.
இந்த ஊர்ச் சரளையில் ஓடு அகப்படுவது புதிதல்ல.
இடித்த வீட்டுச் சுவரிலிருந்து உதிர்ந்து வரும்,
சூளையில் பாதி வெந்த கிளிஞ்சல், தொட்டால் விரலில் மாவு.
போன மாதம் ஒரு மட்டி,
உள்ளே வானவில் மங்காமல்,
ஏதோ நத்தைகுத்தி நாரை தின்றுவிட்டுப் போட்டது.
இரண்டையும் சன்னல் வழியே எறிந்தேன்.
ஓட்டுக்கு ஏது கனம்.

இது கனத்தது.
உதட்டில் வைத்தேன், குளிர்ந்தது.
யாரும் பார்க்கவில்லை.
நக்கிப் பார்ப்பதற்கு எங்கள் கூடத்தில் படிவம் கிடையாது.
அமிலம் ஒரு சொட்டு. சீறியது.
அதை வைத்து என்ன சொல்ல,
நேற்றைய முட்டை ஓடும் அப்படித்தான் சீறும்.

பழைய பல் பிரஷ்ஷால் இடுக்கைத் தேய்த்தேன்.
இரண்டு ஓடுகள். திறக்கவே இல்லை.
விளிம்பு நேராக ஓடாமல்
ஒன்றன் மேட்டில் மற்றதன் பள்ளமாய்
வளைந்து வளைந்து கவ்வியிருக்கிறது,
சீப்புச் சீடையை வேகாமல் மடித்து அழுத்தியதுபோல.
சதை இருந்த இடத்தில்
மஞ்சள் சேறு கல்லாகி உட்கார்ந்திருக்கிறது.

ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து
மெஹராஜுக்குப் படம் அனுப்பினேன்.
என்னோடு நிலவியல் படித்தவள்,
திருச்சியில் பாடம் எடுக்கிறாள்.
"பக்கவாட்டில் எடு.
தசை ஒட்டிய தழும்பு தெரிகிறதா?"
எப்படித் தெரியும், மூடியிருக்கிறது.
"சரி, விளிம்பே போதும்.
சிப்பி. அலெக்ட்ரியோனியா.
இப்போது வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், வாயில் நுழையவில்லை.
ஏழு கோடி வருஷம், முன்னே பின்னே."
சற்று நேரம் கழித்து,
"இது உங்க ஊர் ஆத்துல எப்படி?"

மணிமுத்தாறு எனக்குத் தெரியும்.
வெங்கச்சங்கல் கொண்டு வரும், செம்புறாங்கல் கொண்டு வரும்.
நல்ல மழை வருஷத்தில் தண்ணீரும் கொண்டு வரும்.
அதன் வழியில் எங்கும் பழைய கடல் இல்லை.
இந்தச் சிப்பிக்குச் சொந்த ஊர் அரியலூர்ப் பக்கம்,
மருதையாற்றங்கரை.
நூற்றிருபது கிலோமீட்டர் வடக்கு.

சவரிமுத்துவை அழைத்தேன். லாரி ஓடுகிற சத்தம்.
"ஆறுன்னாங்க, அள்ளுனேன்.
எந்த ஆறுன்னு கேக்குற நேரமாம்மா அது, ராத்திரி ரெண்டு மணி?"
எஞ்சினியர் சாத்தப்பன் சிரித்தார்.
"கல்லு கெட்டியா இல்லையா?"
கெட்டிதான்.
"அப்பறம் என்ன. அந்த ஒன்ன வீசிட்டு எழுதுங்க."

முதல் இரண்டு நடையும் தூணுக்குள் போயாயிற்று.
அதில் எத்தனை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கின்றனவோ,
மேலே மொய்ப்பணம் எண்ணும்போது.

எடை போட்டேன். 41.6 கிராம்.
வீசினால் கூட்டல் உதைக்கிறது.
ஐந்து கிலோவில் அரைச் சதவீதத்துக்கு மேல் தொலைந்தால்
சோதனை செல்லாது, முதலிலிருந்து செய்ய வேண்டும்.
திரும்ப இருபதிலேயே போட்டால்
கணக்கு நேராகிவிடும்,
இதுவும் மணிமுத்தாற்றுக் கல்லாகிவிடும்.

குறிப்பு என்ற கட்டத்தில் ஒரு வரிக்குத்தான் இடம்.
தனியே எடுத்தது 41.6, சிப்பிக்கல், மருதையாறு
என்று நெருக்கி எழுதினேன்.
"என ஐயம்" என்று சேர்க்கலாமா,
மெஹராஜைக் கேட்கப் போனை எடுத்தால்
ஏற்கெனவே வந்து கிடக்கிறது:
"கழுவும்போது வெந்நீர் ஊத்திராதே."